டைரக்டரைக் கூப்பிட்டால் கள்ளன் என்று சொன்னதாக அர்த்தமா?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். கொழும்பில் நடந்த ஒரு டூப்ளிகேட் பிரிட்ஜ் (இரண்டு சோடிகள் எதிரெதிராக ஆடும் சீட்டாட்டம்) போட்டியில் அவருடைய பெரியப்பா, எழுபதைத் தாண்டியவர், ஏலத்தில் தன் முறை வந்தபோது நன்றாக யோசித்துவிட்டு பாஸ் (கேட்கவில்லை) சொன்னாராம். பிறகு எதிரே இருந்த பாட்னர், அதாவது அவருடைய சோடி, 3 இஸ்பேட் கேட்டாராம் (இஸ்பேட்டைத் துரும்பாக, அதாவது மற்றதை வெட்டும் வரிசையாக வைத்து, 13 பிடியில் 9ஐ எடுப்போம் என்ற ஏலம்). உடனே எதிர்ப்பக்கத்துப் பெடியன் ஒருவன் கையைத் தூக்கி டைரக்டரை, அதாவது போட்டி நடுவரைக் கூப்பிட, அவரும் வந்து விசாரித்து, ஆட்டம் முடிந்ததும் முடிவையே மாற்றி எழுதிவிட்டாராம். வயதுக்கு மரியாதை தெரியாத, நாணயமான மனுசரைக் கள்ளனாக்குகிற விளையாட்டு என்று கடிதத்தை முடித்திருந்தார். வாசித்தவர்களில் பலர் ஆமாம் போட்டிருப்பார்கள். வெள்ளவத்தைப் பக்கம் என் காதில் விழுந்ததும் அதே பேச்சுத்தான்.

கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த மேசையில் பெரியப்பாவைக் கள்ளன் என்று யாரும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால் பெரியப்பா செய்ததில் ஒரு பிழையும் இல்லை. யோசிக்கத்தானே இந்த விளையாட்டு? உலக பிரிட்ஜ் சம்மேளனம் வெளியிட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தில் 73ஆவது சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: சீரான வேகத்தில் ஆடுவது நல்லது, ஆனால் உள்நோக்கம் இல்லாமல் வேகம் கூடிக் குறைந்தால் அதுவே குற்றமாகாது என்றுதான் இருக்கிறது. (எதிராளியை ஏமாற்ற வேண்டுமென்றே இழுத்தடிப்பது வேறு கதை. அந்த வரிசையில் ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று மோவாயைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நேரடியாகவே குற்றம்.) கேள்வி எழுவது அந்த யோசனையைப் பார்த்துக்கொண்டு எதிரே இருக்கிற பாட்னரைப் பற்றித்தான். அவருக்குத் தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்டது: பெரியப்பாவின் கையில் ஏதோ இருக்கிறது, வெறுங்கை என்றால் இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டார். இதற்குத்தான் 16ஆவது சட்டம். ஏலத்தாலும் போட்ட தாளாலும் வராத செய்தி ஒன்று பாட்னரிடமிருந்து வந்துவிட்டால், நியாயமான வேறு வழிகள் இருக்கும்போது, அந்தச் செய்தி காட்டிய வழியில் நீங்கள் போகக்கூடாது. நீங்கள் நினைத்துச் செய்தீர்களா, நினையாமல் செய்தீர்களா என்று டைரக்டர் கேட்பதில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. உங்கள் மனதுக்குள் புகுந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகவே சட்டத்தை அப்படி எழுதியிருக்கிறார்கள். ஒருவரைக் கள்ளன் என்று சொல்லவேண்டிய தேவையே வராமல் பிரச்சினையைத் தீர்க்கிற வழி இது.

அந்த வாசகர் கைத்தாள்களையும் எழுதியிருந்தது வசதியாகப் போயிற்று. பாட்னரின் கை இது. இஸ்பேட்டில் ஏஸ், ராணி, 10, 8, 6. ஆட்டினில் (ஹார்ட்ஸ்) 7, 4. டைமனில் ராசா, ஜாக், 5. கிளாவரில் (கிளப்ஸ்) ராசா, 9, 3. ஏஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் மொத்தம் 13 புள்ளி, ஐந்து இஸ்பேட், ஆரம்பிக்கப் போதுமான சாதாரணக் கை. அவர் 1 இஸ்பேட்டில் ஆரம்பிக்கிறார், இடதுபக்கத்தவர் 3 ஆட்டினுக்குப் பாய்கிறார், பெரியப்பா நீண்ட நேரம் யோசித்து பாஸ், வலதுபக்கத்தவரும் பாஸ். இப்போது இந்தக் கையுடன் என்ன செய்வீர்கள்? ஆட்டினில் இரண்டு தாள் கிடக்கிறது, நீட்டு வரிசை எதுவும் இல்லை, இஸ்பேட் ஐந்துதான், பாட்னர் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் என்று சொல்லிவிட்டு 3 ஆட்டினைத் தடுத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். 3 இஸ்பேட் கேட்கிறவர்களும் இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் பெரியப்பாவின் அந்த நீண்ட யோசனைக்குப் பிறகு அப்படிக் கேட்பது பாதுகாப்பான கேள்வியாகிவிடுகிறது, பாட்னரிடம் எட்டோ ஒன்பதோ புள்ளி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது போல. 3 இஸ்பேட் சரியாகக் கிடைத்து 140 எழுதினார்கள். 3 ஆட்டினில் விட்டிருந்தால் எதிராளி ஒரு பிடி குறைந்து இவர்களுக்கு 50 வந்திருக்கும். டைரக்டர் 140ஐ 50ஆக மாற்றினார். இவ்வளவுதான் நடந்தது.

இதே கையில் ஒரு தாளை மட்டும் மாற்றுங்கள். ஆட்டின் 4ஐ எடுத்துவிட்டு அதற்குப் பதில் கிளாவர் 4. இப்போது ஆட்டினில் ஒரே ஒரு தாள், மற்ற மூன்று வரிசையிலும் பாட்னர் எதைச் சொன்னாலும் ஆடலாம். இந்தக் கையில் டபுள் (இங்கே, நீங்கள் ஒரு வரிசையைச் சொல்லுங்கள் என்று பாட்னரைக் கேட்பது) சொல்லி ஏலத்தை மறுபடி திறப்பதுதான் வழக்கம், பாட்னர் ஒரு நொடியில் பாஸ் சொல்லியிருந்தாலும் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள். அப்படியானால் யோசனை எவ்வளவு நீண்டிருந்தாலும் டைரக்டர் கைவைக்கமாட்டார், ஏனென்றால் பாஸ் என்பது நியாயமான மாற்றுவழியாகவே இருக்காது. அது நியாயமான மாற்றுவழியா இல்லையா என்பதை டைரக்டர் தன் விருப்பத்துக்குத் தீர்மானிப்பதும் இல்லை. உங்கள் தரத்தில் ஆடுகிறவர்களில் கணிசமான பேர் அதைப் பற்றி யோசித்திருப்பார்களா, சிலராவது அதைச் செய்திருப்பார்களா என்பதுதான் அளவுகோல். நல்ல டைரக்டர் அந்தக் கையை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், யார் யோசித்தார் என்ற கதையைச் சொல்லாமல், வேறு நாலைந்து பேரிடம் நீங்கள் என்றால் என்ன கேட்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துதான் முடிவு சொல்வார். ஆகவே இந்த விளையாட்டில் ஏலத் தீர்மானமும் ஒழுக்கமும் வெவ்வேறு பாடம் இல்லை. உங்கள் கேள்விக்கு உங்கள் கையே போதுமான காரணம் என்றால் நீங்கள் பயப்படத் தேவையில்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. நாங்கள் பெரும்பாலும் 304 என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்தவர்கள். ஜாக் முப்பது, ஒன்பது இருபது, ஏஸ் பதினொன்று, மற்றத் தாள்களும் சேர்த்து வரிசைக்கு 76, நாலு வரிசைக்கும் சேர்த்து 304. திண்ணையில் ஆடும்போது துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு பாட்னருக்குச் சாடை காட்டுவதும், எதிராளி அதைப் பிடிப்பதும், பிடித்துவிட்டு நக்கலடிப்பதும் ஆட்டத்தின் பாதி ருசி. செருமினால் ஒரு அர்த்தம், தாளை மேசையில் அடித்துப் போட்டால் வேறு அர்த்தம். அது அந்த ஆட்டத்தின் அழகு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே சிக்கினால் சிரிப்பு, இங்கே சிக்கினால் அவமானம் என்று நினைக்கிற மனசு இரண்டு ஆட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

டூப்ளிகேட்டில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரே நாலு கையைப் பலகையில் செருகி ஒவ்வொரு மேசையாக அனுப்புகிறார்கள். உங்கள் 140ஐ அதே தாள்களை அதே திசையில் பிடித்த மற்ற எல்லாச் சோடிகளின் முடிவோடும் ஒப்பிட்டுத்தான் உங்களுக்குப் புள்ளி. ஆகவே ஒரு மேசையில், போகட்டும், மூத்தவர், விட்டுவிடுவோம் என்று இரண்டு பேர் பெருந்தன்மை காட்டினால், அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுப்பது அடுத்த மேசைகளில் அதே கையோடு சரியாக பாஸ் சொல்லி 50 எழுதிய ஆட்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெரியவருக்கு மரியாதை என்று பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும், அந்த மேசைகளிலும் பெரியவர்கள்தான் இருந்திருப்பார்கள்.

அப்புறம் புள்ளி எண்ணுகிற பழக்கம். 304இல் எல்லாமே புள்ளி, ஆகவே பிரிட்ஜுக்கு வந்ததும் ஏஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற கணக்கை வேதமாகப் பிடித்துக்கொள்கிறோம். பாட்னர் 1 இஸ்பேட்டில் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். ஒரு கை: இஸ்பேட் 10, 7, 3, மற்ற மூன்று வரிசையிலும் ராணியும் ஜாக்கும், கூடவே ஆட்டின் 4, டைமன் 6, கிளாவர் 5, 2. ஒன்பது புள்ளி. இன்னொரு கை: இஸ்பேட் ராசா, 9, 7, 4, ஆட்டின் 8 மட்டும், டைமன் ஏஸ், 10, 8, 5, 3, கிளாவர் 9, 6, 2. ஏழு புள்ளி. எது பெரிய கை? எண்ணிப் பார்க்கிறவர் முதலாவதைச் சொல்வார். அது பாட்னருக்கு ஒரு பிடிகூட நிச்சயமாகத் தராது, 2 இஸ்பேட் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டிய கை. இரண்டாவதில் நாலு துரும்பு, துரும்பு ராசா, ஒரு ஏஸ், ஆட்டினை வெட்ட ஒற்றைத் தாள். அதை 3 இஸ்பேட்டுக்கு உயர்த்துவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழு புள்ளிக்கு மூன்றா என்று வாயைப் பிளப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய, பிறகு கேம் (கூடுதல் புள்ளி தரும் உயர்ந்த ஏலம்) தவறிப்போனதும் பாட்னரைத் திட்டுவார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நீண்ட யோசனைகள் பெரும்பாலும் பிறப்பது இந்த எல்லைக்கோட்டுக் கைகளில்தான். 2 சொல்லவா 3 சொல்லவா என்று ஏல அட்டைகள் இருக்கும் பெட்டியில் விரலை வைத்து எடுத்து மறுபடி வைத்து, கடைசியில் 3 இஸ்பேட் அட்டையைத் தயங்கித் தயங்கி மேசையில் வைக்கிறபோது, அந்த 3 ஒன்றில் பெருத்த 2, அல்லது இளைத்த 4 என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாவம் அவர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டியதுதான், நாலுக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். தன் கையை முன்கூட்டியே எடைபோட்டு வைத்திருப்பவர் பாட்னருக்குச் செய்கிற உதவி பெரிது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் இப்படிப் போனால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்து வைத்திருந்தால் முறை வரும்போது தடுமாற்றம் குறையும். எதிராளி ஒரு படியைத் தாண்டிப் பாயும்போது ஸ்டாப் அட்டை வைத்தால், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் ஏறக்குறைய 10 வினாடி காத்திருந்துதான் சொல்ல வேண்டும் என்று பல இடங்களில் ஒழுங்கு வைத்திருப்பதும் இதற்காகவே. படார் என்று பாஸ் அட்டையைப் போடுவதும் செய்திதான், எனக்கு இதில் அக்கறையே இல்லை என்று பாட்னருக்குச் சொல்லுகிற செய்தி. அந்த 10 வினாடி பெரியப்பாவுக்கும் இருந்தது. அதற்குமேல் எடுத்ததுதான் கணக்கில் வந்தது.

பிரிட்ஜில் பொய்யாகக் கேட்பது குற்றமில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. கையில் இஸ்பேட்டே இல்லாமல் 1 இஸ்பேட் என்று சொல்லலாம், உங்கள் பாட்னரும் எதிராளியைப் போலவே அதில் ஏமாறவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் ஒரு பெருமூச்சு விடக்கூடாது. முதல்முறை கேட்கும்போது தலைகீழாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் நேரானது: கேள்வியும் தாளும் நாலு பேருக்கும் பொது, பெருமூச்சு இரண்டு பேருக்கு மட்டும்.

இங்கே நம் கொழும்புக்கே உரிய ஒரு விஷயம். நம்முடைய மேசைகளில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், வெளிநாட்டவர் எல்லாரும் கலந்து உட்கார்கிறோம். ஏலம் ஆங்கிலத்தில். ஆனால் இரண்டு தமிழர் பாட்னராக இருந்தால் நடுவில் தமிழில் இரண்டு வார்த்தை நழுவிவிடுகிறது. "சரி, பாப்பம்" என்று ஒருவர் முணுமுணுப்பார், மற்றவர் "ம்" என்பார். அதில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், தேத்தண்ணி எப்போது வரும் என்ற கதையாகவும் இருக்கலாம். ஆனால் தமிழ் தெரியாத எதிராளிக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் சிங்களத்தில் முணுமுணுத்தால் நாங்கள் விடுவோமா? தாளை எடுத்ததிலிருந்து கடைசிப் பிடி வரை மேசையில் மொழியே வேண்டாம். தாளைப் பலகையில் செருகிய பிறகு எந்த மொழியிலும் சண்டை பிடிக்கலாம், அதுவும் கொஞ்சம் மெதுவாக, அடுத்த மேசைக்கு அந்தப் பலகை இன்னும் போகவில்லை.

டைரக்டரைக் கூப்பிடாமல் நாங்களே தீர்த்துக்கொள்வோம் என்கிற பழக்கம் இதைவிட மோசம். ஒருவர் 2 ஆட்டின் கேட்டிருக்கிறார், அடுத்தவர் கவனிக்காமல் அதைவிடக் குறைந்த 2 கிளாவர் என்கிறார். உடனே மேசையில் மூத்தவர் ஒருவர், "சரி சரி, மூன்றாக்குங்கோ" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த உரிமை இல்லை. அந்தக் குறைந்த கேள்விக்கு அடுத்து ஆடவேண்டிய இடதுபக்கத்தவர் விரும்பினால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஏலத்தைத் தொடரலாம், சில கைகளில் அது அவருக்கு லாபம். ஏற்காவிட்டால், மாற்றிச் சொல்வது எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்து, பிழையாகக் கேட்டவரின் பாட்னர் ஏலம் முடியும்வரை பாஸ் மட்டுமே சொல்லவேண்டி வரலாம், வராமலும் போகலாம். இதையெல்லாம் தலையில் வைத்திருக்க நம்மால் முடியாது, அதற்குத்தான் ஒருவரை நியமித்திருக்கிறார்கள். பிழை ஒன்று சுட்டிக்காட்டப்பட்டதும் உடனே டைரக்டரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து விளக்கும்வரை யாரும் ஒன்றும் செய்யக்கூடாது என்று 9ஆவது சட்டம் சொல்கிறது. பாதி நேரம் டைரக்டர் வருவது பிழை செய்தவரைக் காப்பாற்றத்தான்.

இன்னொன்றும் நம்மவர்களைக் குழப்புகிறது. நான் கேட்ட ஏலத்துக்கு என் பாட்னர் எதிராளியிடம் பிழையான விளக்கம் சொல்லுகிறார், எனக்குத் தெரியும். முகத்தைச் சுளிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, அவர் சொன்னதைக் கேட்காதவர்போல என் கையை என் பழைய அர்த்தத்திலேயே தொடர்ந்து கேட்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு, கொன்ட்ராக்ட் எங்கள் பக்கம் என்றால் (ஏலத்தை நாங்கள் எடுத்திருந்தால்), முதல் தாள் விழுவதற்கு முன்பே டைரக்டரைக் கூப்பிட்டு, விளக்கம் பிழை, சரியானது இது என்று நானே எதிராளிக்குச் சொல்லவேண்டும். நாங்கள் தடுக்கிற பக்கம் என்றால் கடைசிப் பிடி வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாட்னரையும் திருத்தியதாகிவிடும். முதலில் ஒப்புக்கொள்வது நேர்மை, பிறகு ஒப்புக்கொள்வது கள்ளம் என்று நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது. எப்போது சொல்ல வேண்டும் என்பது எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அந்த வாசகரின் பக்கம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறேன். பெடியன் கூப்பிட்ட விதம். அவர் எழுதியது உண்மையென்றால், மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறான். டைரக்டருக்கோ மற்றவர்களுக்கோ மரியாதைக் குறைவாகப் படும்படி அவரைக் கூப்பிடக்கூடாது என்று 74ஆவது சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே அவனுக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்க வேண்டும். செய்யவேண்டியது மிக லேசானது: 3 இஸ்பேட் வந்ததும், "ஐயா, அந்த பாஸுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது என்று ஒத்துக்கொள்கிறீங்கள்தானே?" என்று தணிந்த குரலில் கேட்டு, ஆம் என்றால் ஆட்டத்தைத் தொடர்ந்து, முடிந்து தாளைப் பார்த்த பிறகு சந்தேகம் இருந்தால் டைரக்டருக்கு ஒரு சைகை. கூப்பிட்டவுடன் ஒரு சிரிப்பும், வந்தவுடன் ஒரு நன்றியும் இருந்தால் அரைவாசிக் கடிதங்கள் உங்கள் பத்திரிகைக்கு வந்திருக்காது. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் பெரியப்பாவும் பாட்னரும் மேன்முறையீடு செய்திருக்கலாம், போட்டி நடத்துகிறவர்கள் வேறு நேரம் குறிக்காவிட்டால் முடிவுகள் பார்வைக்கு வந்து 30 நிமிடத்துக்குள். அப்படிச் செய்ததாகக் கடிதத்தில் இல்லை.

மேல்மட்டத்தில்தான் இந்தக் கட்டுப்பாடுகள் கூடுதல் என்பதையும் சொல்லவேண்டும். 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் பாட்னர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். முகம் மறைந்தது, மேசைக்குக் கீழே ஒருவர் காலை ஒருவர் தட்டியதாகப் புகார் வந்தது, பிறகு கீழேயும் பலகை வைத்து அடைத்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் திரைக்குப் பின்னால் உட்காருவதை அவமானம் என்று நினைப்பதில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்கு ஆண்கள் சோடிப் பிரிவில் தங்கம் வாங்கிக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அந்த வயதுக்காரர்களுக்கு எந்த இளம்பிள்ளையும் சட்டத்தில் சலுகை கொடுக்கவில்லை, அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சதுரங்கத்துக்கு இடம் ஒதுக்குகிற நீங்கள் வாரம் ஒரு ஏலக் கேள்வியாவது தமிழில் போடுங்கள், வாசகர்கள் விடை எழுதட்டும். முதலாவதை நானே தருகிறேன். இரு பக்கமும் வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடும் நிலை). உங்கள் கை: இஸ்பேட் 8. ஆட்டின் ராசா, ஜாக், 10, 7, 5. டைமன் ஏஸ், ராணி, 6, 4. கிளாவர் ராணி, 8, 3. வலதுபக்கத்தவர் 1 இஸ்பேட்டில் ஆரம்பிக்கிறார், நீங்கள் 2 ஆட்டின், இடதுபக்கத்தவர் 4 இஸ்பேட்டுக்குப் பாய்கிறார், உங்கள் பாட்னர் வழமையான வேகத்தில் பாஸ், வலதுபக்கத்தவரும் பாஸ். என்ன சொல்வீர்கள்? எழுதிவிட்டு, பாட்னர் அந்த பாஸுக்கு ஒரு நிமிடம் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரிட்ஜ் ஆடும் வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6